வெட்டு மெசினில் ஒட்டு வேலை: பற்றரி வயரைக் கழற்றினால் மட்டும் போதுமா?

வெல்லாவெளி வயற்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டு வேலையும் (வெல்டிங்) வயரிங் வேலையும் தெரிந்தவர்களிடம் ஒரு விளக்கம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் செயினில் ஓடும் நெல் வெட்டு மெசின் ஒன்று இருக்கிறது. பாவித்த மெசினாகத்தான் வாங்கினேன், லீசிங் இன்னும் முடியவில்லை. போன பெரும்போகம், மாசி நடுப்பகுதி. எங்கள் வட்டையில் வெட்டிக்கொண்டிருந்தபோது முன்கட்டரைத் தாங்கும் இரும்பில் வெடிப்பு விட்டது. வானம் கறுத்துக் கிடந்தது. இன்னும் பதினொரு ஏக்கர் வெட்டக் கிடந்தது, நெல் சாயத் தொடங்கிவிட்டது. மெசினை ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோக நேரமில்லை. பக்கத்து ஊரில் ஒட்டு வேலை செய்யும் ஒருவரை அழைத்தோம். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில் ஜெனரேட்டரையும் வெல்டிங் பிளான்ட்டையும் ஏற்றிக்கொண்டு வரம்பால் வந்து சேர்ந்தார்.

நல்ல வேலைக்காரர். அவர் ஒட்டிய இடம் இன்றுவரை விடவில்லை. ஏர்த் கிளிப்பைச் செயினுக்குப் பக்கத்தில் உள்ள சட்டத்தில் மாட்டினார், அங்கேதான் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. பற்றரியை யாரும் தொடவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

திறப்பைப் போட்டால் திரையில் எழுத்து வந்து வந்து மறைந்தது. எஞ்சின் பிடித்தது, ஆனால் சார்ஜ் லைட் அணையவில்லை. நெல் தொட்டி நிரம்பினால் அடிக்கிற பஸர், தொட்டி வெறுமையாக இருக்கும்போதே விடாமல் அடித்தது. ஒரு மணி நேரத்தில் திரை முழுதாகச் செத்துவிட்டது.

பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத் திருத்த வேண்டி வந்தது. திரைப் பெட்டி கொழும்பிலிருந்து வர ஒன்பது நாள். ஒரு நாளைக்கு எட்டு ஏக்கர் பத்து ஏக்கர் வெட்ட வேண்டிய மெசின் அந்த ஒன்பது நாளும் வாடிக்குப் பக்கத்தில் நின்றது. என் வயலை வெட்ட நானே வேறு மெசின் பிடித்தேன். அது வந்து சேருவதற்குள் நாலு ஏக்கர் மழையில் படுத்துவிட்டது.

இப்போது சிறுபோக வெட்டு ஆடிக் கடைசியில் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் மூன்று இடம் ஒட்ட வேண்டும்: முன்கட்டர் அடித்தகடு, ஏறும் படி, எஞ்சினுக்குக் கிட்ட உள்ள ஒரு காவல் தகட்டின் கால். கேட்கிற இடமெல்லாம் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். பற்றரி நெகட்டிவைக் கழற்றினால் போதும் என்கிறார் ஒருவர். இசியூ, அதாவது எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி, அதன் பிளக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். எஞ்சினை ஓடவிட்டு ஒட்டினால் பற்றரி எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும், ஒன்றும் ஆகாது என்று மூன்றாவது ஆள் சொல்கிறார். எதை நம்புவது?

என்னிடம் அப்பா காலத்து மெஸி 35 உழவு மெசின் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதே கவனம் தேவையா என்றும் சொல்லுங்கள்.

தம்பிலுவில் உழவு:

தம்பி, உங்கள் நட்டம் கேட்கவே மனம் கஷ்டமாக இருக்கிறது. நான் முப்பது வருடத்துக்கு மேலாக உழவு மெசின் வைத்திருக்கிறேன். கலப்பை, பெட்டிக் கொழுக்கி, மட்கார்ட் என்று எத்தனையோ தடவை பற்றரி மாட்டியபடியே ஒட்டியிருக்கிறோம். ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதெல்லாம் பழைய மெஸி. போன வருடம் மகன் எடுத்த புது மெசினில் டாஷ்போர்டைத் திறந்து பார்த்தேன், வயர் தலைமுடி மாதிரிக் கிடக்கிறது. அதில் ஒட்ட எனக்குக் கை வரவில்லை. தெரிந்தவர்கள் எழுதினால் நானும் படித்துக்கொள்வேன்.

களுவாஞ்சிகுடி வயரிங்:

தம்பி, எனக்குத் தொழில் ஓட்டோ வயரிங். பெரும்போக வெட்டுக் காலத்தில் என் மேசையில் வந்து கிடக்கும் ஆல்டர்னேட்டர்களில் சிலவற்றைத் திறந்ததுமே நான் கேட்கிற முதல் கேள்வி, “கிட்டடியில் எங்கேயாவது ஒட்டினீர்களா?” என்பதுதான். பெரும்பாலும் “ஓம், அதற்கு முந்தின நாள்தான்” என்பார்கள். ஆகவே இதை விபரமாக எழுதுகிறேன். வயலில் நிற்கும்போது யாருக்காவது உதவட்டும்.

முதலில் மூன்றாவது ஆள் சொன்னதைத் தூக்கிப் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது மெசினில் ஒட்டவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி வயரைக் கழற்றவும் கூடாது. ஆல்டர்னேட்டர் பற்றரிக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் கரண்ட் திடீரென்று போக இடமில்லாமல் நின்றால், அந்த ஒரு கண இமைப்பில் 12 வோல்ட் லைனில் 80, 100 வோல்ட் வரைக்கும் எழும்பும். அதைத் தாங்காமல் செத்த இசியூ, திரைப் பெட்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் மெசினில் என்ன நடந்தது என்று பார்ப்போம். நாம் வாய்ப்பழக்கத்தில் “ஏர்த் கிளிப்” என்கிறோம், அந்தப் பெயர்தான் ஆட்களைக் குழப்புகிறது. ஒட்டும் கரண்ட் மண்ணுக்குள் போகவில்லை. பிளான்ட்டிலிருந்து புறப்பட்டு, ஹோல்டர், ஒட்டும் குச்சி, நெருப்பு, இரும்பு என்று வந்து, கிளிப் வழியாகத் திரும்பப் பிளான்ட்டுக்கே போகிறது. 12ஆம் நம்பர் குச்சிக்கு 70, 80 அம்பியர். 10ஆம் நம்பர் என்றால் 100, 120 அம்பியர். இவ்வளவும் கிளிப்பைத் தேடித்தான் போகும். குச்சிக்கும் கிளிப்புக்கும் இடையில் எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையிலும் பங்கு பிரிந்து போகும். தடை குறைந்த வழியில் கூடுதலாக, மற்றதில் குறைவாக.

உங்கள் ஆள் ஒட்டியது முன்கட்டர் தாங்கியில், கிளிப் இருந்தது செயின் சட்டத்தில். இடையில் என்ன இருக்கிறது? கட்டர் ஏறி இறங்கும் பின்கள், கிரீசும் மண்ணும் கறலும் நிறைந்த புஷ்கள், ஹைட்ரோலிக் சிலிண்டர், பெயாரிங். இரும்போடு இரும்பு தொட்டுக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும், கரண்டுக்கு அது நல்ல பாதை இல்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். அந்த மூட்டில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். நம்முடைய சாதாரண மீற்றர் அதைச் சரியாகக் காட்டாது, சைபர் என்றே காட்டும். ஆனால் 120 அம்பியர் போகும்போது அந்த இடத்தில் 6 வோல்ட் நிற்கும். அதாவது மெசினின் முன் இரும்புக்கும் பின் இரும்புக்கும் இடையில் 6 வோல்ட் வித்தியாசம். முன்பக்கம் இருக்கும் சென்சரின் நெகட்டிவ் வயர் முன் இரும்பில், அதோடு பேசும் பெட்டியின் நெகட்டிவ் பின் இரும்பில். இரண்டையும் இணைப்பது நூல் மாதிரி ஒரு வயர். பெரிய கரண்ட்டில் ஒரு பங்கு அந்த நூலுக்குள்ளாலும் போகும். இப்படியான சென்சர்கள் பல 5 வோல்ட்டில் வேலை செய்கிற சாமான். பிறகு பஸர் விடாமல் அடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது, குச்சி இரும்பில் படாமல் நிற்கும்போது பிளான்ட்டின் வாயில் 60, 70, 80 வோல்ட் வரை இருக்கும். குச்சி ஒட்டிப் பிடித்துப் பிடுங்கும்போதெல்லாம் நீள வயரில் ஓடின கரண்ட் சடாரென்று நின்று ஒரு உதை கொடுக்கும். ஆல்டர்னேட்டருக்குள் சாதாரணமாக ஆறு பெரிய டையோடுகள், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சாமான்கள், இருக்கும். அதில் ஒன்று போனாலும் சார்ஜ் குறையும், லைட் மங்கலாக எரியும். சில நேரம் உடனே தெரியாது. ரெண்டு நாள் கழித்துப் பற்றரி இறங்கும்போதுதான் தெரியவரும். அதனால்தான் “ஒட்டினதால் இல்லை, பற்றரி பழசு” என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே என்னிடம் ஒரே ஒரு காரியம்தான் செய்யலாம் என்று சொன்னால், பற்றரியைக் கழற்றுவதற்கு முன்னர் கிளிப்பைத்தான் பார்ப்பேன். எந்தத் துண்டை ஒட்டுகிறீர்களோ அந்தத் துண்டிலேயே, ஒட்டும் இடத்திலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில், பளபளவென்று சுரண்டிய இரும்பில் கிளிப் கடித்திருக்க வேண்டும். குச்சிக்கும் கிளிப்புக்கும் இடையில் பின், பெயாரிங், செயின், ஸ்பிரிங், வயர், பெட்டி எதுவுமே வரக்கூடாது. இரண்டு துண்டைச் சேர்த்து ஒட்டுவதென்றால் முதலில் மெசினோடு இருக்கும் துண்டில் கிளிப். இதைச் சரியாகச் செய்தால் 120 அம்பியரும் அந்த ஒரு சாணுக்குள்ளேயே சுற்றிவிட்டுப் போய்விடும்.

பற்றரியைக் கழற்றுவதும் கட்டாயம். ஆனால் அது இரண்டாவது காவல். உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: நெகட்டிவை மட்டும் கழற்றி, கிளிப்பைத் தூரத்தில் மாட்டினால் போதாது. ஏனென்றால் பெட்டிகளின் நெகட்டிவ் வயர்கள் பற்றரியில் மட்டும் இல்லை, சட்டத்தில் நாலு ஐந்து இடத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். பற்றரி இல்லாவிட்டாலும் அந்த வழி திறந்தே கிடக்கிறது.

நான் என் கையால் செய்யும் ஒழுங்கைச் சொல்கிறேன். எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடக்கூடாது. இரண்டு மூன்று நிமிடம் பொறுப்பேன், புது மெசின்களில் திறப்பை எடுத்த பிறகும் இசியூ கொஞ்ச நேரம் விழித்திருந்து தன் நினைவில் எழுதும். பிறகு பற்றரி நெகட்டிவ், அதன் பிறகு பொசிட்டிவ். இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பொசிட்டிவில் வைத்த ஸ்பனர் சட்டத்தில் முட்டினால் ஸ்பனரே உருகும். ஒட்டுவது பற்றரிக்குக் கிட்ட என்றால் பற்றரியையே தூக்கி வெளியே வைத்துவிடுங்கள். சார்ஜ் ஏறின பற்றரியிலிருந்து வருவது ஐதரசன் வாயு, ஒரு பொறி போதும். திரும்ப மாட்டும்போது பொசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

அடுத்து ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த வயரும் சின்னப் பிளக்கும். அதைக் கழற்ற இரண்டு நிமிடம் போதும், நான் எப்போதும் கழற்றுவேன். கழற்றிய முனையில் றப்பர் சுற்ற வேண்டும். பிறகு இசியூவும் திரைப் பெட்டியும். உங்கள் மூன்று வேலையில் படியும் கட்டர் அடித்தகடும் அவற்றிலிருந்து தூரம், கிளிப் அந்தத் துண்டிலேயே இருந்தால் நான் பயப்பட மாட்டேன். எஞ்சினுக்குக் கிட்ட உள்ள காவல் தகட்டின் கால்தான் என் மனதில் உறுத்துகிறது. அதை ஒட்டும்போது இசியூ பிளக்கைக் கழற்றியே ஆகவேண்டும். முடிந்தால் போல்ட்டைக் கழற்றி அந்தத் தகட்டையே கீழே இறக்கி நிலத்தில் வைத்து ஒட்டுங்கள். மெசினில் இல்லாத துண்டை ஒட்டினால் மெசினுக்கு ஒன்றும் வராது.

பிளக் கழற்றும்போது போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இழுக்கும்போது பிளக்கைப் பிடிக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. பின்களை விரலால் தொடவேண்டாம். சுத்தமான பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். வெல்டிங் பிளான்ட்டின் இரண்டு வயரையும் பக்கத்துப் பக்கத்தில் நேராகப் போடுங்கள், மெசின் வயர் கட்டுக்கு மேலால் கொண்டுபோகவோ வளையம் வளையமாகச் சுற்றி வைக்கவோ வேண்டாம்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் வெள்ளத்தில் நனைந்த மெசின் என்றால், ஒட்டுவதற்கு முன்னர் சட்டத்தில் உள்ள ஏர்த் போல்ட்கள் எல்லாவற்றையும் கழற்றிக் கறல் சுரண்டி இறுக்குங்கள். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே பின்னிய வயர்ப் பட்டை ஒன்று இருக்கும். அது கறல் பிடித்துப் பாதி அறுந்து கிடந்தால் கரண்ட் வேறு வழி தேடும். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பட்டை உள்ளுக்குள் பச்சைப் பச்சையாகத் தின்றுபோய் இருந்ததை நிறைய மெசின்களில் பார்த்தேன்.

அப்பாவின் மெஸி 35 பற்றி: அதில் கம்பனி போட்டது டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டருக்கு முந்தின காலத்துச் சார்ஜ் சாமான், என்றால் உள்ளே டையோடு இல்லை, அதனால்தான் தம்பிலுவில் அண்ணனுக்கு இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நம் பக்கத்தில் பலர் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாற்றியிருக்கிறார்கள். அப்படி என்றால் அதற்கும் பற்றரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கிளிப் விஷயம் எந்த மெசினுக்கும் ஒன்றுதான்.

சம்மாந்துறை இரும்புக்கடை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். களுவாஞ்சிகுடி அண்ணன் வயரிங் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஒட்டுகிறவன். என் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

வயலுக்கு அழைத்தால் எங்களுக்கும் அவசரம். மழை வருகிறது, மெசின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், அடுத்த வட்டையிலிருந்து போன் வருகிறது. அந்த அவசரத்தில் பெயின்ட் இல்லாத இடம் எங்கே தெரிகிறதோ அங்கே கிளிப்பை மாட்டிவிடுவோம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஒரு தடவை இறக்காமத்துப் பக்கம் ஒரு வெட்டு மெசினில் ரீல் கையை (நெல்லைக் கட்டருக்குள் வளைத்துத் தரும் சுழல் சட்டத்தின் கை) ஒட்டினேன், கிளிப் இருந்தது அடிச்சட்டத்தில். அன்றைக்கு எல்லாம் நன்றாக ஓடியது. மூன்று கிழமை கழித்து ரீல் பெயாரிங் கரகரவென்று சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் உருளைகளிலும் வளையத்திலும் ஊசியால் குத்தியது போல் புள்ளி புள்ளியாகப் பள்ளம். கரண்ட் பெயாரிங்குக்குள்ளால் பாய்ந்து போயிருக்கிறது. அந்த மெசின்காரக் காக்கா என்னிடம் காசு கேட்கவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை, பெயாரிங்கை நானே வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து கிரைண்டரில் சுரண்டாமல் கிளிப் மாட்டுவதில்லை.

கிளிப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க லேசான வழி ஒன்று இருக்கிறது. ஒரு குச்சி முடிந்ததும் பிளான்ட்டை நிறுத்திவிட்டுக் கிளிப்பில் கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறது என்றால் கடி சரியில்லை. ஸ்பிரிங் தளர்ந்த கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், அதற்குப் போகும் காசு பெரிதில்லை. கிளிப் கடிக்க இடமில்லாத தகடு என்றால் ஒரு இரும்புத் துண்டை ஜி கிளாம்ப்பால் இறுக்கி அதில் மாட்டலாம்.

ஒட்டும் இடத்தைச் சுற்றி வயர், ஹைட்ரோலிக் குழாய், டீசல் குழாய் எது போனாலும் அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி ஒதுக்கிக் கட்டிவிட்டு ஈரச் சாக்கால் மூடுங்கள். சிலிண்டரின் பளபளக்கும் தண்டில் ஒரு பொறி ஒட்டினாலும் அது சீலை வெட்டும், பிறகு எண்ணெய் ஒழுகுவதை நிறுத்த முடியாது. வெட்டு மெசினுக்குள் தூசும் பதரும் வைக்கோலும் எந்த மூலையில் கிடக்கும் என்று சொல்லவே முடியாது. ஒட்டுவதற்கு முன்னர் காற்றடித்துத் துப்புரவாக்குங்கள். இரண்டு கேன் தண்ணீர் பக்கத்தில் நிற்கட்டும். ஒட்டி முடிந்ததும் உடனே போய்விடாமல் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள், உள்ளே கனன்று கிடந்து பிறகுதான் பிடிக்கும்.

வயலில் கால் ஈரம், கை வியர்வை. பிளான்ட் வாயில் 70 வோல்ட் தானே என்று நினைக்கக்கூடாது. சேற்றில் நின்று குச்சி மாற்றும்போது உயிருக்கே ஆபத்து வரும். காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த கையுறை போட்டுத்தான் குச்சி மாற்ற வேண்டும். உதவிக்கு வரும் பொடியன்களுக்கும் இதைச் சொல்லுங்கள், அவர்கள் வெறுங்காலோடு நிற்கிறார்கள்.

தலைப்புக்கு வெளியே இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. உழவு மெசினின் சில்லு ரிம்மில் வெடிப்பு என்றால் டயர் மாட்டியபடி ஒட்டவே கூடாது. காற்றை இறக்கினாலும் கூடாது. சூட்டில் உள்ளே றப்பர் கருகி வாயு பிடித்து, அமுக்கம் ஏறி வெடிக்கும். ஆளைத் தூக்கி எறியும். டயரைக் கழற்றுங்கள். அவசரம் என்று யாராவது நெருக்கினால் நான் அந்த வேலையை எடுப்பதே இல்லை.

வெல்லாவெளி வயற்காரன்:

அண்ணனுக்கும் காக்காவுக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் எனக்கு உண்மையில் விளங்குகிறது. செயின் சட்டத்துக்கும் கட்டருக்கும் இடையில் பின்னும் புஷ்ஷும் தவிர ஒன்றுமே இல்லை, நேற்றுப் போய்ப் பார்த்தேன்.

இன்னும் மூன்று சந்தேகம். பற்றரியைக் கழற்றியதும் பொசிட்டிவ் வயரையும் நெகட்டிவ் வயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அது சரியா? பற்றரிக்கு மேல் மாட்டுகிற சர்ஜ் புரொடெக்டர் என்று ஒரு பெட்டி விற்கிறார்களாம், அது இருந்தால் எதையும் கழற்றத் தேவையில்லையாம். மூன்றாவது, பற்றரி இறங்கிவிட்டால் வெல்டிங் பிளான்ட்டால் ஸ்டார்ட் பண்ணலாம் என்று எங்கள் பக்கம் செய்கிறார்கள். அது எப்படி?

களுவாஞ்சிகுடி வயரிங்:

கடைசியில் இருந்து தொடங்குகிறேன். வெல்டிங் பிளான்ட்டால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம் தம்பி. பற்றரி இருக்கும் மெசினிலும் வேண்டாம், இல்லாத மெசினிலும் வேண்டாம். 12 வோல்ட்டுக்குச் செய்த சாமானுக்குள் 60, 70 வோல்ட்டை விடுகிறீர்கள். மெசின் கம்பனிகளின் கைநூலிலேயே செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறது. இன்னொரு பற்றரி கொண்டுவந்து வயர் போடுங்கள், அரை மணித்தியாலம் சுணங்கினாலும் பரவாயில்லை.

சர்ஜ் புரொடெக்டர் பெட்டி பொய்யில்லை. பற்றரி முனையில் வோல்ட் கூடினால் அது பிடித்து அமுக்கும். ஆனால் நான் முன்பு சொன்ன 6 வோல்ட் வித்தியாசம் இரும்புக்கும் இரும்புக்கும் இடையில், பற்றரிக்குத் தூரத்தில் நடக்கிறது. அதைப் பெட்டி பார்க்கவே மாட்டாது. கிளிப்பைப் பிழையாக மாட்டிவிட்டு அந்தப் பெட்டியை நம்பவேண்டாம். காசிருந்தால் வாங்குங்கள், ஆனால் கழற்றுவதை விடாதீர்கள்.

இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டுவது பற்றிக் கம்பனிக்குக் கம்பனி சொல்வது வேறு. சில மெசின் கைநூலில் சேர்த்து முட்டவிடுங்கள், சட்டத்தில் படாமல் வையுங்கள் என்று இருக்கும். பெட்டிகளுக்குள் தேங்கியிருக்கும் கரண்ட் இறங்கிவிடும் என்பது அதன் காரணம். உங்கள் மெசின் கைநூலில் அப்படி இருந்தால் செய்யுங்கள். இல்லை என்றால் இரண்டையும் தனித்தனியாக றப்பர் சுற்றி எட்ட வையுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். சேர்த்துக் கட்டுவதென்றால் பற்றரியின் இரண்டு முனையிலிருந்தும் கழற்றிவிட்டேனா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

ஒட்டி முடிந்து எல்லாவற்றையும் மாட்டிய பிறகு உடனே வயலுக்கு விடாமல் மூன்று அளவு எடுங்கள். ஓடாமல் நிற்கும்போது பற்றரியில் 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மீற்றரை ஏசிக்கு மாற்றி அதே பற்றரி முனையில் வையுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு ஒன்று போயிருக்கலாம். இன்னொன்று, கேன் லைன் (பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு முறுக்கு வயர்) உள்ள புது மெசின் என்றால், பற்றரி கழற்றியிருக்கும்போதே அந்த இரண்டு முறுக்கு வயருக்கும் இடையில் ஓம் பாருங்கள். 60 அளவு காட்ட வேண்டும். இரு முனையிலும் 120 ஓம் ஒவ்வொன்று போட்டிருப்பதால் வரும் கணக்கு அது. ஒட்டுவதற்கு முன்னர் எல்லாப் பிளக்கும் மாட்டியிருக்கும்போது ஒருமுறை, ஒட்டிப் பிளக்குகளைத் திரும்ப மாட்டிய பிறகு ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள்.

தம்பிலுவில் உழவு:

தம்பி, நான் நேற்று என் பழைய மெஸியைப் போய்ப் பார்த்தேன். டைனமோ இல்லை, எப்போதோ ஆல்டர்னேட்டர் மாற்றியிருக்கிறார்கள். எனக்கே மறந்துவிட்டது. இனிமேல் அதற்கும் நெகட்டிவைக் கழற்றித்தான் ஒட்டுவேன்.

வெல்லாவெளி வயற்காரன்:

என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். மூன்று இடமும் ஒட்டியாகிவிட்டது. போன தடவை வந்த அதே ஆளைத்தான் அழைத்தேன், அவர் வேலையில் எனக்குக் குறை இல்லை. இங்கே எழுதியதை போனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கிளிப் கடிக்கும் இடத்தை அவரே கிரைண்டரில் சுரண்டினார்.

காவல் தகடு நாலு போல்ட்டில்தான் நின்றது, கழற்றி வாசலில் வைத்து ஒட்டினோம். இசியூவைத் தேட ஒரு மணித்தியாலம் போனது, சீட்டுக்குப் பின்னால் தகட்டு மூடிக்குள் இருந்தது. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையில் உள்ள பட்டையைக் கழற்றிப் பார்த்தேன் அண்ணன், நீங்கள் சொன்ன பச்சை அப்படியே இருந்தது. புதிது போட்டாயிற்று.

பற்றரி 12.6, ஓடும்போது 14.1, ஏசியில் வைத்தால் 0.04. பஸர் தொட்டி நிரம்பும்போது மட்டும் அடிக்கிறதா என்று பார்க்க, சென்சரைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். அமுக்கினால் அடிக்கிறது, விட்டால் நிற்கிறது. வருகிற கிழமை மண்டூர்ப் பக்கம் முதல் வயல் வெட்டக் கேட்டிருக்கிறார்கள்.